வயிறு சுருங்கிய பிறகு முதல் நூறு நாட்கள்: கல்லடியில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேசன் முடிந்து பதினோராம் நாள் காலை, எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா பிட்டு அவித்தார். குழலுக்குள் தடியை விட்டுத் தள்ள, பிட்டு கோப்பையில் விழுகிற மெத்தென்ற சத்தம் அறைக்குள் படுத்திருந்த எனக்குக் கேட்டது. பசி இல்லை. துளிப் பசியும் இல்லை. ஆனாலும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். நாற்பத்தொரு வயது மனிசி ஒரு குழல் பிட்டுக்காக அழுவாளா என்று வெட்கமாகவும் இருந்தது.

வைத்தியசாலையில் தந்த தாளில் எத்தனை மில்லிலீற்றர், எந்தக் குளிசை, எந்தக் கிழமையில் என்ன சாப்பாடு எல்லாம் இருந்தது. அழுகையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே உடம்பையும் மனதையும் பிரிக்காமல் நாள் வரிசையில் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, ஸ்லீவ் என்ற வகை ஒப்பரேசன் செய்து இரண்டு வருடம் தாண்டிய ஒரு ஆசிரியை. உங்கள் டொக்டர் தந்த தாளும் நான் எழுதுவதும் மோதினால், தாள் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று சுருக்கமாக. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அந்த வெட்டோடு போய்விடும். இன்னொரு வகையான பைபாஸ் என்றால் முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றைச் செய்து அதை நேரே சிறுகுடலில் இணைப்பார்கள், உணவு நடுவில் ஒரு பகுதியைத் தாண்டிப் போகும். இரண்டிலும் வயிற்றுப் பசி நன்றாகக் குறையும். தலைக்குள் இருக்கும் பசி அப்படியே இருக்கும். முதல் நூறு நாளின் குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது.

படி 1: கொழும்பில் இருந்து வீடு வந்து சேருங்கள்

குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று மட்டக்களப்புக் கல்லடிக்கு வரும் பாதை 300 கிலோமீற்றருக்கு மேல். ஒப்பரேசனுக்குப் பிறகு கால் நரம்புகளில் ரத்தம் கட்டியாகும் ஆபத்து இருக்கிறது, நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் அது கூடும். ஆகவே பஸ் வேண்டாம். வாகனம் பிடித்து, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் நடவுங்கள். இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். சீட் பெல்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை வீட்டுக்கும் தந்துவிட்டிருந்தால், சொன்ன நாள் வரை விடாமல் போட வேண்டும்.

தோள்மூட்டில் ஒரு விசித்திரமான வலி வரும். வயிற்றை ஊதப் பாவித்த வாயு வெளியேறும் வரை அது இருக்கும், நடக்க நடக்கக் குறையும்.

ஹபரணையில் எங்கள் வான் டிரைவர் தம்பி கொத்துரொட்டி சாப்பிடப் போனார். தட்டில் கொத்தும் அந்தத் தாளம் வெளியே நின்ற எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. நீங்கள் வரும்போது டிரைவரை முதலே சாப்பிட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

படி 2: பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுங்கள்

சந்தோசமான படி இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது. பின்வருவதில் ஒன்று வந்தாலும் விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சும்மா இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, காய்ச்சலோடு வரும் இடது தோள் வலி, மூச்சு எடுக்கக் கஷ்டம், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, குடித்த தண்ணீர்கூட உள்ளே நிற்காத சத்தி, கறுப்பாக மலம் போவது. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். நாடி வேகம் சில வேளை வலிக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். அம்புலன்ஸ் 1990. மட்டக்களப்பில் என்றால் போதனா வைத்தியசாலை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கம் என்றால் கிட்ட இருக்கும் பெரிய வைத்தியசாலை. கொழும்புக்கே போய்ச் சேரலாம் என்று வெளிக்கிட வேண்டாம்.

வைத்தியசாலையில் இருந்து விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே இருக்கும் டொக்டர் உங்களை முதல் தடவை பார்க்கிறார். என்ன ஒப்பரேசன், எந்தத் திகதி, செய்த பிரிவின் தொலைபேசி இலக்கம் எது என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மருந்துகள் புண் உண்டாக்கும் என்பதால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வலிக்கு எங்களுக்குப் பெனடோல்தான். பல நாளாகச் சத்தி என்றால் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளைக்கும் நரம்புக்கும் கெடுதி. இதையும் தாளில் எழுதி வைத்தால், பதற்றத்தில் உங்கள் வீட்டுக்காரர் வாசித்தாவது சொல்வார்.

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. எடை குறைய முன்பே, முதல் நாட்களிலேயே ரத்தச் சீனி இறங்கிவிடலாம். பழைய அளவில் இன்சுலின் போட்டால், கிளிக்லசைட் விழுங்கினால், சீனி 70க்குக் கீழே போய் வேர்த்து விறைத்து விழ நேரும். வீட்டுக்கு வருமுன் ஒவ்வொரு மருந்தின் புது அளவையும் எழுதி வாங்குங்கள்.

படி 3: முதல் இரண்டு கிழமையும் தண்ணீரே தொழில்

இந்த நாட்களில் புரதம், விட்டமின், நடை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் நிற்கிறது. ஒப்பரேசன் செய்தவர்கள் திரும்ப வாட்டில் படுக்க நேர்வதற்கு நீர் வற்றுவது ஒரு முக்கியக் காரணம். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒப்பரேசன் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த உலர்ந்த காற்றுக்கு, வேர்ப்பதுகூடத் தெரியாமல் உடம்பு காயும்.

இலக்கு நாளைக்கு ஒன்றரை லீற்றர். ஒரு போத்தலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆகவே போத்தலைப் பார்க்காதீர்கள். பாணி மருந்தோடு வரும் 15 மில்லிலீற்றர் அளவுக் கிண்ணத்தை எடுங்கள். கால்மணித்தியாலத்துக்கு இரண்டு கிண்ணம், மிடறு மிடறாக. ஒரு மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றர், விழித்திருக்கும் பதின்மூன்று மணித்தியாலத்தில் 1560. கணக்குச் சரி. போனில் அலாரம் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் வெறுத்துப்போகும், போகட்டும்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும்: தண்ணீர், வடித்த கோழி சூப், ஆறிய கொத்தமல்லித் தண்ணீர், தெளிந்த கஞ்சித் தண்ணீர். இளநீரில் இயற்கையாகவே சீனி இருப்பதால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொஞ்சமாக. அப்புறம் டொக்டர் சொன்னதும் கொழுப்பு நீக்கிய பால், கரைத்த புரதப் பவுடர், வடித்த பருப்புத் தண்ணீர், நன்றாக அடித்துத் தண்ணீர் சேர்த்த மோர். சோடா, பழச்சாறு, ஸ்ட்ரோ மூன்றும் வேண்டாம். சிறுநீர் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனாலோ எழும்பும்போது கண் இருண்டாலோ கிண்ணத்தின் வேகத்தைக் கூட்டுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் வைத்தியசாலை, சேலைன்.

நடையும் இந்தக் கிழமையிலேயே தொடங்கும். முதல் நாள் கேற் வரை. மூன்றாம் நாள் ஒழுங்கை முனை. பதினான்காம் நாள் பின்னேரம் நான் பழைய கல்லடிப் பாலத்தில் பாதி வரை போய், தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்குப் பக்கத்தில் களைத்து நின்றேன். பாரம் தூக்குவது மட்டும் ஆறு கிழமைக்கு வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையே எல்லை. குடத்தில் தண்ணீர் எடுப்பதையும் பேரப்பிள்ளையைத் தூக்குவதையும் வேறு யாராவது செய்யட்டும்.

படி 4: அழுகைக்கு ஒரு கொப்பி

மூன்றாம் நாளில் இருந்து பத்தாம் நாளுக்குள் பலருக்கும் ஒரு கேள்வி வரும்: "ஐயோ, நான் ஏன் இதைச் செய்தேன்?" எனக்கு ஐந்தாம் நாள் இரவு வந்தது. நல்லா இருந்த உடம்பை வெட்டிக்கொண்டேனே என்று சுவரைப் பார்த்து இருந்தேன். நல்லா இருக்கவில்லை, முழங்கால் போய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த உடம்பு அது. ஆனால் அந்த நேரத்தில் அது ஞாபகம் வராது.

இதற்குக் காரணங்கள் உண்டு. நாளுக்கு ஐந்நூறு கலோரி அளவில் ஓடுகிற உடம்பு சும்மாவே சினக்கும். மயக்க மருந்து, நித்திரையின்மை, வலி எல்லாம் சேரும். கொழுப்பில் தேங்கியிருந்த ஈஸ்ட்ரஜன் கொழுப்புக் கரையும்போது ரத்தத்துக்கு வரும் என்று டொக்டர்கள் சொல்வார்கள். மாதவிடாய் குழம்புவதும் காரணமில்லாமல் கண் நிறைவதும் அதோடு வரலாம். இத்தனைக்கும் மேலே, துக்கம் வந்தால் பணிஸ், சந்தோசம் வந்தால் தொதல் என்று இருந்த ஒரு ஆளுக்கு ஆறுதலுக்கான அந்த வழி ஒரே இரவில் மூடப்பட்டிருக்கிறது.

நான் செய்தது இதுதான். ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், ஒவ்வொரு இரவும் இரண்டே வரி. எத்தனை மணிக்கு அழுகையோ ஆசையோ வந்தது, அந்த நேரம் பழைய நான் என்ன செய்துகொண்டிருப்பேன். எடை எழுதவில்லை. பத்து நாளில் பார்த்தேன், ஏழு வரியில் ஒரே நேரம்: பின்னேரம் நாலு மணி. நாலு மணி என்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முன் விறாந்தையில் அம்மாவோடு பால் தேத்தண்ணியும் பணிசுமாக இருந்து ஊர்க்கதை பேசும் நேரம். ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மா எனக்கு முன்னால் சாப்பிட மனமில்லாமல் தேத்தண்ணியைக் குசினிக்குள் நின்று குடித்துவிட்டு வந்தார். நான் அறையில் தனியே கிடந்தேன். நான் பணிசுக்கு அழுததாக நினைத்தேன். கொப்பி வேறு கதை சொன்னது.

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு அதே கதிரையில் இருத்தினேன். அவர் தேத்தண்ணி குடித்தார், நான் அதே பூப்போட்ட கோப்பையில் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தேன். நாலு மணி அழுகை அந்தக் கிழமையே அடங்கிவிட்டது. காலைப் பிட்டு அழுகை அவ்வளவு இலகுவில் போகவில்லை. அது உண்மையிலேயே பிட்டுக்கான அழுகைதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கொப்பி வேறு மாதிரிச் சொல்லும். இரவு பத்து மணிக்கு வரும் ஆசை சலிப்பாக இருக்கலாம், மாமி பேசிவிட்டுப் போன பிறகு வருவது கோபமாக இருக்கலாம். வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வரும், எது கிடைத்தாலும் தணியும். தலைப் பசி திடீரென்று வந்து இன்னதுதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால், என்ன செய்யலாம் என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

எல்லை எங்கே? இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, நித்திரை இல்லை, குளிக்கவும் மனமில்லை என்றால் அது கொப்பியால் தீராது. வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் எடுக்கலாம். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. மெதுவாகக் கரையும் வகைக் குளிசை என்றால் ஒப்பரேசனுக்குப் பிறகு அது உடம்பில் சேரும் விதம் மாறலாம், டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

படி 5: மூன்றாம் கிழமை தராசு நிற்கும்

நான் 112 கிலோவில் தொடங்கினேன். முதல் பதினைந்து நாளில் ஏழு கிலோ போனது. பிறகு பதினொரு நாள், 105. காலையில் 105, குளித்த பின் 105, இரண்டு தராசை மாற்றிப் பார்த்தாலும் 105. நாளுக்கு ஒரு சம்பல் கிண்ணம் அளவுகூடச் சாப்பிடாத ஆளுக்கு எடை நிற்கிறது என்றால், ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்றுதானே தோன்றும்?

பிழைக்கவில்லை. உடம்பு கிளைக்கோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது அதுதான், தண்ணீரும் சேர்ந்து வெளியேறுவதால் முதல் கிழமைகளில் எடை சட்டென்று விழும். பிறகு உடம்பு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பச் சேர்க்கும். உள்ளே கொழுப்புக் கரைந்துகொண்டே இருக்கும், வெளியே தராசு அசையாது. இது ஒன்று முதல் மூன்று கிழமை வரை இருக்கலாம். பலருக்கும் வருகிறது, பிறகும் சில தடவை வரும்.

செய்ய வேண்டியது: கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், ஒரே தராசு. மற்ற நாட்களில் தராசை அலுமாரிக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள், அது தசையைத்தான் தின்னும். அந்தப் பதினொரு நாளில் என் கல்யாண மோதிரம் விரலில் சுழலத் தொடங்கியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மோதிரம், காப்பு எல்லாவற்றையும் முதல் மாதமே கழற்றி வைத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மோதிரத்தை வாவிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

படி 6: திரும்பச் சாப்பிடப் பழகுங்கள்

பொதுவாக மூன்றாம் நான்காம் கிழமை மசித்தது, ஐந்தாம் ஆறாம் கிழமை மெத்தென்றது, இரண்டு மாதமளவில் வழமையான சாப்பாடு. உங்கள் தாளில் நாள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

முறை எல்லா நாளும் ஒன்றுதான். சின்னக் கிண்ணம், தேக்கரண்டி. புரதம் முதலில். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வையுங்கள். இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்தது போதும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணித்தியாலம் கழித்துத்தான். எங்கள் ஊரில் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பு இருக்கும், என் கை தானாக அதைத் தேடிப் போகும். கடைசியில் செம்பை அடுத்த அறைக்கு மாற்றினோம்.

புது வயிறு நிறைந்தால் முன்புபோல் சொல்லாது. எனக்கு மூக்கில் நீர் வடியும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல். அந்த அறிகுறி வந்ததும் வாயில் இருப்பதோடு நிறுத்துங்கள். நான் நிறுத்தாத ஒரு நாள் உண்டு. ஏழாம் கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், குழலில் மீதிப் பிட்டு இருந்தது. உலர்ந்த பிட்டு, இரண்டு கரண்டி, அவசரமாக. நெஞ்செலும்புக்குக் கீழே கல் ஒன்றை வைத்தது போல் அடைத்தது. வாயில் எச்சில் ஊற ஊற வெள்ளை நுரையாகத் துப்பிக்கொண்டு கிணற்றடியில் நாற்பது நிமிடம் நின்றேன். பிட்டு, சோறு, பாண் மூன்றும் உள்ளே போய் ஊதும் அல்லது பசையாகும், அதனால் அவை கடைசியாக வரட்டும். கணவாய், இறால், காய்ந்த கோழி நெஞ்சு, முருங்கைக்காய்ச் சக்கையும் அப்படியே.

மட்டக்களப்புக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம், மீன். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஆறாம் கிழமையில் என் ஒரு நாள்: காலையில் மெத்தென்று அவித்த ஒரு முட்டை, 6 கிராம். மத்தியானமும் இரவும் முள் எடுத்த பாரை, மெல்லிய சொதியில் அவித்து மசித்து, ஒவ்வொரு நேரமும் உள்ளங்கையில் பாதி அளவு, இரண்டும் சேர்த்து 25 கிராம் போல. மூன்று மேசைக்கரண்டி மசித்த பருப்பு, 4. நடுவில் பாலில் கரைத்த புரதப் பவுடர், 22. பின்னேரம் கொஞ்சம் தயிர், 4. கூட்டினால் 61.

சட்டித் தயிர் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர் மன்னிக்காது. எருமைத் தயிரில் கொழுப்புக் கூட, ஆகவே முதல் மாதங்களில் தண்ணீர் விட்டு அடித்து, இரண்டு மூன்று கரண்டி. பாணி வேண்டாம். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, சீனி வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டினால் அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிற்றை முறுக்கிக் கொண்டுபோகும். இதை டம்பிங் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து ரத்தச் சீனி சட்டென்று இறங்கி மறுபடியும் நடுங்கும். தயிரையும் பாணியையும் பிரித்து வைப்பது கொடுமைதான், எனக்கும் தெரியும்.

விட்டமின் குளிசைகள் ஆயுளுக்கும். இரும்புச்சத்தும் கல்சியமும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், நடுவில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் வீண்.

படி 7: ஊர் வாய்க்கு முதலே பதில் வையுங்கள்

இரண்டாம் மாதம் முகம் வற்றும். சந்தையில் ஒரு மாமி என் கையைப் பிடித்து நிறுத்தி, "என்னகா புள்ள, பாதியாப் போய்ட்டாய்? சீனி வருத்தமோ?" என்றார். அடுத்தவர் குரலைத் தாழ்த்தி அதைவிடப் பெரிய நோய் ஒன்றைக் கேட்டார். அம்மா அன்றிரவே நாவூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்.

யாரிடம் முழுதாகச் சொல்வது என்று வீட்டில் இருந்து முடிவெடுங்கள். எனக்கு நான்கு பேர். மற்றவர்களுக்கு ஒரே வசனம்: "டொக்டர் சொல்லித்தான் குறைக்கிறன் மாமி, இப்ப சுகமா இருக்கிறன்." பொய்யும் இல்லை, கதை நீளவும் இல்லை. ஒப்பரேசன் செய்தேன் என்றால் "இலேசான வழி எடுத்திட்டா" என்று சொல்லவும் ஆள் இருக்கும். கிணற்றடியில் நுரை துப்பியதை அவர்களுக்கு விளக்க நான் போகவில்லை.

கலியாண வீடுதான் பெரிய சோதனை என்று பயந்தேன். ஒன்பதாம் கிழமை காத்தான்குடியில் சிநேகிதி வீட்டுக் கலியாணம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். போனால், அதைவிட இலேசான இடம் இல்லை. ஆறு கை போகும் தட்டில் யார் எவ்வளவு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. என் பக்கமாக மெத்தென்ற இறைச்சித் துண்டு இரண்டைத் தள்ளிவிட்டு சிநேகிதி மற்றவர்களோடு கதைக்கத் தொடங்கினார், நான் அதை மென்றுகொண்டே கடைசி வரை இருந்தேன். கஷ்டம் சொந்தக்காரர் வீட்டில்தான், தனிக் கோப்பையில் அன்போடு குவித்து எதிரே நின்று பார்ப்பார்கள். அங்கே போகுமுன் போன் எடுத்து, "மச்சாள், எனக்குச் சின்னக் கோப்பையில நானே போட்டுக்கொள்றன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

விரதங்களை முதல் மாதங்களில் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க இருக்க இந்த உடம்பால் முடியாது. நோன்பு பிடிப்பவர்களும் டொக்டரிடமும் மௌலவியிடமும் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு: ஒப்பரேசனுக்குப் பிறகு சாராயம் முன்பைவிட வேகமாக ஏறும், சாப்பாட்டின் இடத்தைக் குடி பிடித்துக்கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். சிகரெட்டும் புண்ணுக்கு வழி.

கணவன் மனைவிக்குள் வரும் மாற்றம் தனிக் கதை. என் வீட்டுக்காரர் முதல் மாதம் எனக்குப் பயந்து ஒளித்துச் சாப்பிட்டார், மூன்றாம் மாதம் நான் புதுச் சட்டை போட்டால் எங்கே போகிறாய் என்று கேட்டார். பேசித்தான் சரிப்படுத்தினோம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எடை குறையக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், ஆனால் முதல் ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் நல்லதில்லை. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடைக் குளிசை சரியாக வேலை செய்யாமல் போகலாம். வேறு முறையை கிளினிக்கில் கேளுங்கள்.

படி 8: நூறாம் நாளை நோக்கி

மூன்றாம் மாதமளவில் தலைமயிர் கொட்டத் தொடங்கும். குளித்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர் போகும் வாயில் ஒரு கைப்பிடி. ஒப்பரேசனும் வேகமான எடைக் குறைவும் உடம்புக்குக் கொடுத்த அதிர்ச்சி இவ்வளவு தாமதமாகத் தலையில் தெரிகிறது. பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் நின்று திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் குறையாமல் பாருங்கள், எண்ணெய்க்குக் காசு கொட்ட வேண்டாம்.

கண்ணாடி உங்களை ஏமாற்றும். எனக்கு 21 கிலோ போன பிறகும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் தனியாக இருக்கத்தான் தோன்றியது. சேலை கட்டுகிறவர்களுக்கு எடை குறைந்தது தெரியவும் தெரியாது, சேலை எந்த உடம்பையும் சுற்றிக்கொள்ளும். சேலைச் சட்டைதான் உண்மை சொல்லும். தைக்கும் அக்கா என் பழைய சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துப் பிடித்து, இரண்டு பக்கமும் நாலு விரல் உள்ளே மடித்து ஊசி குத்தினார். "இன்னும் குறையும்தானே, வெட்டாமல் விடுறன்" என்றார். நூல்தையல் போட்டு ஆறாம் மாதம் வரை அதையே உடுத்தேன். புது உடுப்பு அடுக்கி வாங்காதீர்கள், இரண்டு மாதத்தில் அதுவும் தொங்கும்.

வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரலாம், அதைத் தடுக்கச் சிலருக்கு ஆறு மாதம் குளிசை தருவார்கள். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுக்குப் போனால் காட்டுங்கள்.

மூன்றாம் மாதக் கிளினிக்குக்கு டயக்னோசிஸ் காட், குளிசைப் பெட்டிகள், எடைக் கணக்கு, அழுகைக் கொப்பி எல்லாம் ஒரே பையில். ரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்து கையோடு கொண்டுபோனால் கொழும்பில் ஒரு நாள் மிச்சம். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, விட்டமின் டி, கல்சியம், ஈரல், சிறுநீரகம், மூன்று மாதச் சீனி எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்விகளை முதல் நாள் இரவே எழுதுங்கள், அறைக்குள் போனதும் மறந்துவிடும். ஆறாம் மாதத் திகதியை அங்கேயே வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறுங்கள்.